ஆங்கிலச் சொல்லில் அசை எண்ணும் பைதான் நிரல்: ‘ஃபயர்’ ஒன்றா, இரண்டா?

கோவையிலிருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு ஆங்கிலத்தில் ஹைக்கூ எழுதும் பாடம், மூன்று அடிக்கு 5-7-5 அசைக் கணக்கு. ஒரு சொல் அடியில் அடங்காவிட்டால் அதே பொருளில் வேறு சொல்லை அசைக்கணக்கோடு எடுத்துத் தர ஒரு நிரல் எழுதுகிறேன். பைதான் 3.11, கூடவே என்எல்டிகே என்ற மொழியாய்வு நூலகம். இரண்டு வாரமாக இதே வேலைதான்.

முதலில் உயிரெழுத்துக் கூட்டங்களை எண்ணிப் பார்த்தேன். ‘பிசினஸ்’ மூன்று என்றது, உச்சரிப்பில் இரண்டுதான். ‘போயம்’ ஒன்று என்றது, நடுவில் ஓ-வும் இ-யும் ஒட்டி நிற்பதால். அடுத்து பைஃபன். அது வரிமுறிவுக்கான கருவி, ‘அகெய்ன்’ சொல்லை உடைக்கவே இல்லை. நம் நேரசை நிரையசையும் இங்கே உதவாது. நிரையில் இரண்டு உயிர் வந்துவிடும்.

இப்போது சிஎம்யூ உச்சரிப்பு அகராதி. ஒவ்வொரு உயிரொலிக்கும் பின்னால் அழுத்தம் காட்ட 0, 1, 2-இல் ஒரு எண் வரும், அவை எத்தனை என்று எண்ணினால் போதும், முக்கால்வாசி சரியாகிவிட்டது. மாற்றுச் சொற்கள் வேர்ட்நெட் என்ற ஒருபொருட்சொல் தரவுத்தளத்திலிருந்து வருகின்றன. ‘ஹேப்பி’க்கு ‘ஃபெலிசிடஸ்’ தருகிறது, ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற சொல்லா அது? சரி, அதை நானே வடிகட்டிக்கொள்கிறேன்.

சிக்கல் இதுதான்: ‘ஃபயர்’, ‘எவ்ரி’ போன்றவற்றுக்கு அகராதியிலேயே இரண்டு உச்சரிப்பு, இரண்டு கணக்கு. முதல் பதிவை எடுத்தால் ‘எவ்ரி’ மூன்றாகிறது. மகள் இரண்டாகத்தான் சொல்கிறாள்.

இப்படி இரண்டு கணக்கு வரும் சொற்களில் எதை எடுப்பது என்று நிரலே முடிவுசெய்ய என்ன விதி வைக்கலாம்?