125-லிருந்து பெரிய வண்டிக்கு: இங்கிலாந்தில் முழு லைசன்ஸுக்கு எத்தனை நாள் பயிற்சி தேவைப்படும்?

சேலத்து பல்சர்:

எல்லோருக்கும் வணக்கம். காலேஜ் காலத்தில் ஸ்ப்ளெண்டர், வேலைக்குப் போன பிறகு பல்சர் 150 என்று ஊரில் பல வருஷம் வண்டி ஓட்டியவன் நான். இப்போது ரெடிங்கில் இருக்கிறேன், வேலைக்குப் போய்வர ஒரு ஹோண்டா சிபி125எஃப், சிபிடி (புதிதாக ஓட்டுபவர்களுக்கான ஒரு நாள் அடிப்படைப் பயிற்சி) சான்றிதழ் மட்டும்தான், முன்னாலும் பின்னாலும் எல் போர்டு. அந்த ரெண்டு வருஷ சிபிடி சீக்கிரம் முடியப்போகிறது. திரும்ப ஒரு நாள் போய் அதையே புதுப்பிப்பதா, இல்லை நேராக முழு லைசன்ஸுக்கே போய்விடுவதா என்று யோசனை. எம்4 மோட்டார்வே வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது, அதில் ஏற முடியாது, மனைவியைப் பின்னால் உட்கார வைக்கவும் முடியாது, இந்த வயதில் எல் போர்டோடு திரிவது ஒரு மாதிரியாகவும் இருக்கிறது.

ஒரு பயிற்சிப் பள்ளியில் 125-ஐக் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "நல்லா ஓட்டுறீங்க, ரெண்டு நாள் போதும், மூணாவது நாள் டெஸ்ட்" என்றார்கள். இன்னொரு இடத்தில் ஐந்து நாளுக்குக் குறைந்து எடுக்கவே மாட்டோம் என்கிறார்கள், காசும் அதற்கேற்ற மாதிரி ஏறுகிறது. யார் வியாபாரம் பேசுகிறார், யார் உள்ளதைச் சொல்கிறார் என்று தெரியவில்லை. இத்தனை வருஷ சின்ன வண்டி அனுபவம் அங்கே உதவுமா, உபத்திரவமா? வயது முப்பதைத் தாண்டியாச்சு, அதனால் ஏ2 (பவருக்கு வரம்பு வைத்த லைசன்ஸ்) இல்லாமல் நேராக வரம்பில்லாத ஏ பிரிவுக்குப் போகலாம் என்றார்கள், அது சரிதானே?

எட்டு போட்டவன்:

முதலில் சிபிடி, அதுதான் அவசரம். மைதானத்தில் நடக்கும் மாட்யூல் 1, ரோட்டில் நடக்கும் மாட்யூல் 2, இந்த ரெண்டு டெஸ்ட் அன்றைக்கும் உங்கள் சிபிடி செல்லுபடியில் இருக்க வேண்டும். முதல் டெஸ்ட் பாஸாகி ரெண்டாவதுக்குத் தேதி வருவதற்குள் அது காலாவதியானால் திரும்பவும் எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் இருக்கிற நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், இழுபறியாகத் தெரிந்தால் புதுப்பித்துவிடுவதே நல்லது. தியரியும் எழுதியாச்சா? கார் லைசன்ஸ் கையில் இருந்தாலும் பைக்குக்குத் தனி தியரி உண்டு, 23 பவுண்டு. 50 கேள்வியில் 43 சரியாக இருக்கணும், அப்புறம் 14 வீடியோவில் ஆபத்து கிளம்பும் இடத்தைப் பார்த்து அழுத்தி 75-க்கு 44 எடுக்கணும். அந்தச் சான்றிதழுக்கும் ரெண்டு வருஷம்தான் ஆயுசு.

24 வயது முடிந்தால் நேராக ஏ, சந்தேகமே வேண்டாம். ஏ2 எடுத்தாலும் அதே ரெண்டு டெஸ்ட், அதே கட்டணம், கடைசியில் 35 கிலோவாட்டோடு நிறுத்திவிடுவார்கள். நம்ம ஒரகடத்திலிருந்து வரும் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 அந்த வரம்புக்குள் வரும், அதுவே போதும் என்றால் வேறு பேச்சு.

இனி மாட்யூல் 1. ஊரில் ஆர்டிஓ முன்னால் எட்டு போட்டிருப்பீர்களே, இங்கேயும் எட்டு உண்டு. ஆனால் 110 கிலோ ஸ்ப்ளெண்டரில் இல்லை, யமஹா எம்டி-07 மாதிரி 180 கிலோவைத் தாண்டிய வண்டியில். கூம்புகளுக்கு நடுவே வளைந்து வருவது, ஆள் நடக்கிற வேகத்தில் நேராகப் போவது, 7.5 மீட்டர் அகலத்துக்குள் யு-டர்ன், கட்டத்துக்குள் கொண்டு வந்து நிறுத்துவது, அவசர பிரேக், திடீரென்று விலகுவது, எல்லாம் கிட்டத்தட்ட இருபது நிமிஷத்தில் முடிந்துவிடும். அவசர பிரேக்குக்கும் விலகலுக்கும் மணிக்கு 50 கிலோமீட்டரைத் தொட வேண்டும், அங்கே வேகம் அளக்கும் கருவி வைத்திருப்பார்கள். 125-இல் அந்த இடத்துக்குள் 50-ஐத் தொட முறுக்கிப் பிடிக்கணும், 700 சிசியில் ரெண்டாவது கியரில் லேசாகத் திருகினாலே வந்துவிடும். எல்லோரும் பவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்குத் தெரிந்து அதில் ஃபெயிலானவர்கள் குறைவு, யு-டர்னில் ஃபெயிலானவர்கள்தான் அதிகம்.

பருத்தித்துறை ஓடலி:

நான் வார இறுதியில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறனான், அதால இந்தக் கேள்வி எனக்குப் பழகின கேள்வி. தம்பி, ரெண்டு நாளோ அஞ்சு நாளோ என்பதை 125-இல் அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு ஒருத்தரும் சொல்லேலாது. பெரிய வண்டியில் ஏற்றி, ஒரு வெறும் மைதானத்தில் யு-டர்ன் எடுக்கச் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப் பார்க்காமல் நாள் சொல்கிற இடத்தில் காசு கட்டாதையுங்கோ. ரெண்டு நாளில் பாஸானவர்கள் இருக்கிறார்கள்தான், ஆனால் இடையில் ஒரு கிழமை இடைவெளி விட்டுப் படிக்கிறவர்களுக்குப் பழக்கம் உடம்பில் ஊறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கட அனுபவம் வீதியில் நல்லா உதவும். எந்த வான் திடீரென்று வெளியே வரும், எந்த ஆள் பார்க்காமல் றோட்டைக் கடப்பான் என்று எங்கட ஊர்களில் ஓடினவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் அந்த ஊர்களில் ஓடினவர்களிடம் சில பழக்கங்களைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். முதலாவது, கால். வேகம் குறைந்த உடனே ரெண்டு காலும் பெடலை விட்டுக் கீழே தொங்கும், நெரிசலில் அப்படியே மிதந்து கொண்டு வருவார்கள். பின் பிரேக் வலக் காலில் அல்லவா இருக்கிறது, கால் தொங்கினால் அதை யார் பிடிக்கிறது? மெதுவாக ஓடும்போது பெரிய வண்டியை நிமிர்த்தி வைத்திருப்பதே அந்தப் பின் பிரேக்தான். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் வைத்து, கிளட்ச்சைப் பாதிப் பிடியில் நிறுத்தி, பின் பிரேக்கை லேசாக அழுத்தி வைத்தால் வண்டி ஆடாது. யு-டர்னில் ஹேண்டில் முழுக்கத் திரும்பி இருக்கிற நேரம் முன் பிரேக்கைத் தொட்டீர்களோ, வண்டி பொத்தென்று சாயும், 190 கிலோவை அந்த நேரத்தில் ஒருத்தராலும் தாங்கேலாது. அதால யு-டர்ன் முடியும் மட்டும் வலக்கை விரல்கள் முன் பிரேக்கில் இருக்கவே கூடாது என்று நான் சொல்லிவிடுவேன். கண் போக வேண்டிய பக்கத்தைப் பார்க்கட்டும், கூம்பைப் பார்த்தால் கூம்புக்குத்தான் போவீர்கள்.

ரெண்டாவது, தலை. கண்ணாடியில் பார்த்தால் போதும் என்று நினைப்பார்கள். சோதனை செய்பவர் மாட்யூல் 2-இல் உங்களுக்குப் பின்னால் வண்டியில் வருவார், காதில் ரேடியோவில் வழி சொல்லுவார். உங்கட கண் கண்ணாடிக்குப் போனதா என்பது அவருக்கு எப்படித் தெரியும்? திரும்புவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். யு-டர்ன் எடுக்கும் முன் அப்படிப் பார்க்காமல் விட்டால் மிச்சமெல்லாம் வடிவாகச் செய்தும் பலனில்லை. மாட்யூல் 1-இல் சின்னப் பிழை 5 வரைக்கும், மாட்யூல் 2-இல் 10 வரைக்கும் விடுவார்கள், பெரிய பிழை ஒன்று போட்டாலே சரி, ஃபெயில்.

மழைக்கோட்டு மாலா:

ஓடலி அண்ணா சொன்னதோடு ஒன்று. டெஸ்ட் தொடங்குவதே வண்டியைத் தள்ளுவதில்தான், அதை யாரும் சொல்வதில்லை. ஸ்டாண்டிலிருந்து எடுத்து, இன்ஜின் ஓடாமல், ஒரு கட்டத்திலிருந்து பின்னோக்கித் தள்ளி அடுத்த கட்டத்தில் நிறுத்தணும். ஊரில் ஸ்கூட்டி மட்டுமே ஓட்டியவள் நான், உயரமும் குறைவு, ஹேண்டிலைப் பிடித்துக் கையாலேயே இழுக்கப் பார்த்தால் ஒன்றும் நகராது. வண்டியை உங்கள் பக்கம் லேசாகச் சாய்த்து இடுப்பில் தாங்கிக்கொண்டு, ஒரு கை ஹேண்டிலிலும் ஒரு கை பின்னால் உள்ள பிடியிலும் வைத்து உடம்பால் தள்ளணும். எடைக்கு பயப்படுகிறவர்கள் முதல் நாள் இதையே கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

அப்புறம், ஸ்கூட்டரில் பழகியவர்கள் யாராவது இதைப் படித்தால்: கியர் இல்லாத வண்டியில் டெஸ்ட் கொடுத்தால் லைசன்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் வரும். கிளட்ச் கஷ்டம் என்று அந்தப் பக்கம் போய்விடாதீர்கள்.

சேலத்து பல்சர்:

இவ்வளவு விவரமாகச் சொன்னதற்கு எல்லோருக்கும் நன்றி. கால் தொங்கும் விஷயத்தைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஊரில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறோம். தியரி அடுத்த மாதத்துக்கு புக் பண்ணியாச்சு. சிபிடி நாள் போதாது போலிருக்கிறது, புதுப்பித்துவிடுகிறேன். இன்னொரு சந்தேகம், ஹாரனும் இண்டிகேட்டரும் வண்டிக்கு வண்டி இடம் மாறுமாமே. பயிற்சியில் எந்த வண்டி கொடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேட்கலாமா?

எட்டு போட்டவன்:

கேட்கணும், கட்டாயம் கேட்கணும். சில ஹோண்டா வண்டிகளில் ஹாரன் பட்டன் இண்டிகேட்டர் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், ரவுண்டானாவில் வெளியேறும்போது கட்டைவிரல் பழக்கத்தில் போய் அழுத்தி, பக்கத்துக் காரில் இருப்பவர் முறைப்பார். இங்கே ஹாரன் அடித்தால் அது சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி. பெரும்பாலான வண்டிகளில் இண்டிகேட்டரும் தானாக அணையாது, திரும்பி முடித்ததும் அணைத்தாச்சா என்று ஒரு தடவை பாருங்கள், மாட்யூல் 2-இல் இதில் மட்டும் மூன்று நான்கு சின்னத் தவறு சேர்ந்துவிடும்.

பயிற்சிக்குக் கொடுக்கும் அதே வண்டியைத்தான் டெஸ்டுக்கும் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். பெரிய வண்டியில் ஒரு பயிற்சியாளருக்கு ரெண்டு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பது விதி, உங்களோடு யார் வருகிறார், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்றும் விசாரியுங்கள், கூட வருபவர் தடுமாறினால் உங்கள் நேரமும் அதில்தான் போகும்.

பருத்தித்துறை ஓடலி:

டெஸ்ட் அன்றைக்கு கையில் இருக்க வேண்டியவை: புரொவிஷனல் கார்ட் (பழகுபவருக்கான லைசன்ஸ்), சிபிடி சான்றிதழ், தியரி பாஸானதற்கான கடிதம், மாட்யூல் 2 என்றால் மாட்யூல் 1 பாஸான தாளும். ஒன்று குறைந்தாலும் டெஸ்ட் இல்லாமல் போகலாம், கட்டின காசும் போகலாம், முதலாவதுக்கு 15.50, ரெண்டாவதுக்கு வார நாளில் 75 பவுண்டு. உடுப்பும் பார்ப்பார்கள், ஓட்டச் சப்பாத்தும் மெல்லிய ஜீன்ஸும் போட்டுக்கொண்டு போனால் திருப்பி அனுப்பலாம், கணுக்கால் மூடுகிற பூட்ஸ், கையுறை, தடித்த ஜாக்கெட் வேண்டும். பள்ளியில் ஜாக்கெட் தருவார்கள், பூட்ஸ் அளவு கிடைக்குமோ தெரியாது, சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கோ தம்பி.