அண்ணனின் மருந்தை நிறுத்தச் சொல்லும் உறவினர்களிடம் எப்படிப் பேசுவது?

அனைவருக்கும் வணக்கம். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று, நன்கு தேறி, மீண்டும் வேலைக்குச் செல்லத் தொடங்கியிருக்கும் என் அண்ணனுக்கு, மாத்திரையை நிறுத்திவிட்டுத் திருமணம் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று உறவினர்கள் எங்கள் பெற்றோரை வற்புறுத்தி வருகிறார்கள். இம்மருந்துகள் போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல என்பதையும், மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம் என்பதையும் நான் எடுத்துச் சொன்னாலும், சிறியவள் பேச்சு என்று தள்ளிவிடுகிறார்கள்.

சித்தப்பாவோ, மனநோய் தீரும் என்ற நம்பிக்கையோடு பலர் செல்லும் தர்கா உள்ள ஏர்வாடியில் அவனைக் கொண்டுபோய்த் தங்க வைக்கலாம் என்கிறார். பிரார்த்தனையை நான் மறுக்கவில்லை. ஆனால் 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி இறந்தார்கள், மொத்தம் 28 பேர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது என்பதும், பின்னாளில் அந்தத் தர்காவிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் வழங்கும் அரசுத் திட்டம் வந்தது என்பதும் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

இதே நிலையைக் கடந்த குடும்பத்தினர், பெரியவர்களிடம் எந்த விதமாகப் பேசியபோது அவர்கள் செவிசாய்த்தார்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். அரசின் இலவசத் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் நோயாளிக்காகக் குடும்பத்தினர் பேசிய அனுபவம் உள்ளவர்களும், முதியோர் படிக்கும்படி பெரிய எழுத்தில் அச்சிட்ட எளிய தமிழ்க் கையேடு வைத்திருப்பவர்களும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். திருமணப் பேச்சு அடுத்த மாதம் தொடங்கவிருப்பதால், அதற்கு முன் உங்கள் பதில் கிடைக்க வேண்டுகிறேன்.