சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழியையும் பொரிப்பகத்துக் கலப்பினக் கோழியையும் எதை வைத்துப் பிரித்தறிவது?

மேட்டுத்தோட்டம்:
குஞ்சைப் பார்த்து இனத்தைச் சொல்லவே முடியாது என்று சிலர் எழுதுவதை நான் ஏற்கவில்லை. பல நிற இறகு, மெலிந்த கால், தலையோடு படிந்த சிறு கொண்டை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் அது சிறுவிடைதான். பழகிய கண்ணுக்கு வேறு சான்று தேவையில்லை.

வேப்பங்காடு:
ஐயா, பழகிய கண்ணும் இதில் ஏமாறும். ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் தந்த வனராஜாவும் பெங்களூரில் உருவான கிரிராஜாவும் புறக்கடை வளர்ப்புக்காகவே, நாட்டுக்கோழியைப் போன்ற பல நிற இறகோடு உருவாக்கப்பட்டவை. அதில் தவறில்லை, அவற்றின் கலப்பைச் சிறுவிடை என்று பெயர் மாற்றி விற்பதுதான் தவறு. கொண்டையும் சான்றாகாது. நீங்கள் சொல்லும் படிந்த சிறு கொண்டை, அதாவது பட்டாணிக் கொண்டை, ஓங்கு பண்பு (ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே வெளிப்படுவது) என்பதால், பெற்றோரில் ஒன்று அசில் என்னும் சண்டைக்கோழி இனமாக இருந்தாலே குஞ்சுகளுக்கு அது வந்துவிடும். நான் நம்புவது அடைகாக்கும் குணத்தை. அடைக்கு உட்காரும் கோழி முட்டையிடுவதை நிறுத்திவிடும் என்பதால், முட்டைக்காகத் தேர்ந்தெடுத்து வளர்த்த கோழி வம்சங்களில் அத்தகைய கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகக் கழித்தே வந்திருக்கிறார்கள். சிறுவிடையோ பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் உட்கார்ந்து, 21 நாளில் பொரித்து, பருந்தையும் எதிர்த்து நின்று குஞ்சுகளைக் காக்கும்.

மேட்டுத்தோட்டம்:
இறகைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன்; அடையைப் பற்றியதை ஏற்க மாட்டேன். கிரிராஜாச் சேவலுக்கும் நாட்டுப் பெட்டைக்கும் பிறந்த கலப்பு ஒன்று என் தோட்டத்தில் இரண்டு முறை ஒழுங்காக அடைகாத்தது. மேலும், குஞ்சு வாங்க வந்தவர் அது அடைக்கு உட்காரும் வரை பல மாதம் காத்திருக்க முடியுமா?

வேப்பங்காடு:
கலப்பிலும் அடை தங்கும் என்பது உண்மைதான். அடைகாத்ததாலேயே தூய்மை உறுதியாகிவிடாது என்று என் கூற்றைத் திருத்திக்கொள்கிறேன். ஆகவே, வளர்ப்பவரின் வீட்டுக்கே சென்று தாயைப் பாருங்கள். முழுவளர்ச்சி அடைந்த சிறுவிடைப் பெட்டை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். ஒரே அடையில் பொரித்து ஒரே தீவனத்தில் வளர்ந்த குஞ்சுகளில், பெட்டையைப் பெட்டையோடு ஒப்பிடும்போதே சில மட்டும் இருமடங்கு எடை காட்டினால், பொரிப்பகச் சேவல் கலந்திருக்கிறது என்றே நான் ஐயுறுவேன்.

மேட்டுத்தோட்டம்:
தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்கக் கூடாது என்பதில் உடன்படுகிறேன். ஆனால், அடுத்த வீட்டுச் சேவல் வேலி தாண்டி வரும் ஊரில் தாய் பாதிச் சான்றுதான். சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கும் மேலாகத் தங்கக்கூடியது. பிற சேவல்களிடமிருந்து மூன்று வாரமாவது பிரித்து வைத்த பிறகு எடுத்த முட்டையா என்று கேட்டறியாமல், தாயின் எடையை மட்டும் பார்த்து நான் பணம் கொடுக்க மாட்டேன்.