கப்பிக் குட்டிகள், ஹீட்டர் இல்லாத தொட்டி

மீனா: சித்தப்பா, கப்பி மீன் குட்டி போட்டிருச்சு! 20க்கு மேல இருக்கும். 2 லிட்டர் பாட்டில்ல எடுத்து வெச்சிருக்கேன். ஹீட்டர் இல்ல, விடியக்காலைல தண்ணி 20 டிகிரி காட்டுது. தாங்குமா?

சித்தப்பா: 20 தாங்கும்மா. பாட்டில்தான் தாங்காது. பகல்ல 26க்கு ஏறி ராத்திரி 20க்கு இறங்கும் பாரு, அந்த ஏத்த இறக்கம்தான் குட்டிய அடிக்கும். 20 லிட்டருக்குக் குறையாத தொட்டிக்கு மாத்து. தண்ணி கூட இருந்தா சூடு மெதுவா இறங்கும்.

கார்த்தி: அக்கா, ராத்திரி ரெண்டு மக்கு வெந்நீர் ஊத்திட்டா போதாதா?

செல்வி அத்தை: டேய், ஊத்த வெச்சிராதடா. சட்டுனு ஏறும், கொஞ்ச நேரத்துல பழையபடி இறங்கும். அதுக்கு ஊத்தாமலே இருக்கலாம். தொட்டிக்கு அடியிலயும் மூணு பக்கமும் தெர்மாகோல் ஷீட் வை, மேல மூடி போடு, ஜன்னல் ஓரத்த விட்டுத் தள்ளி வை. போதும்.

மீனா: தாய் இருக்குற தொட்டிலயே விட்டுரட்டா?

சித்தப்பா: பெத்த தாயே தின்னுரும் 😄 பாசத்த எல்லாம் கப்பிகிட்ட எதிர்பார்க்காத. தனித் தொட்டிதான். ஒரு கைப்பிடி ஜாவா மாஸ், அதான் அந்த நீர்ப்பாசி, போடு, ஒளியவும் மேயவும் ஆகும்.

செல்வி அத்தை: ஃபில்டர் ஸ்பான்ஜ் ஃபில்டர்தான். தொட்டி ஓரத்துல மாட்டுற ஃபில்டர் குட்டிய உறிஞ்சிரும். புது ஸ்பான்ஜ் வேண்டாம், பெரிய தொட்டில ஓடிட்டிருக்குறத அப்படியே தூக்கி வை. புதுசுல அழுக்கச் சிதைக்கிற நல்ல பாக்டீரியா பிடிக்க ஒரு மாசத்துக்கு மேல ஆகும், குளிர்ந்த தண்ணில இன்னும் இழுக்கும். அதுக்குள்ள மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம் ஏறிரும்.

மீனா: சாப்பாடு? முட்டை மஞ்சக்கரு கொடுக்கலாம்னாங்க.

சித்தப்பா: கொடுக்கலாம், ஆனா குண்டூசித் தலை அளவுதான். கொஞ்சம் மிஞ்சினாலும் தண்ணி நாறும். ஆர்டீமியா, அதான் பொடி உப்புநீர் இறால், முட்டைய வாங்கிப் பொரிச்சுப் போடு, அதுக்கு ஈடு எதுவும் இல்ல. 1 லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் கல்லுப்பு, அரை ஸ்பூன் ஆர்டீமியா முட்டை, ஏர் பம்பு காத்து நல்லா கொப்பளிக்கணும். 28 டிகிரில 24 மணி நேரத்துல பொரியும், உன் வீட்டுக் குளிருக்கு 36ல இருந்து 48 ஆகும். பக்கத்துல டேபிள் லாம்ப் போட்டு வெச்சா சீக்கிரம் வரும். பொரிஞ்சதும் ஏர நிறுத்தி 10 நிமிஷம் விடு. ஓடு மேல மிதக்கும், குஞ்சு அடியில கூடும். அடியில இருக்குறத மட்டும் டியூப்ல எடுத்து, துணில வடிகட்டி, நல்ல தண்ணில அலசிப் போடு. ஓட்டத் தின்னா குடல் அடைக்கும்.

கார்த்தி: எவ்வளவு போடணும்னு எப்படித் தெரியும்?

சித்தப்பா: வயித்தப் பாரு. தின்னதும் ஆரஞ்சு நிறத்துல குட்டி உருண்டையா தெரியும். எல்லா வயிறும் ஆரஞ்சாச்சுன்னா நிறுத்து. தண்ணி 24க்கு மேல இருந்தா நாளைக்கு 4 வேளை. 20கிட்ட வந்தா 2 வேளை போதும், செரிமானம் மந்தமாயிரும். கடைசி வேளை விளக்கு அணைக்க 2 மணி நேரம் முன்னாடியே முடிஞ்சிரணும்.

செல்வி அத்தை: தண்ணி 2 நாளைக்கு ஒருதடவ அஞ்சுல ஒரு பங்கு. ஏர் டியூப் நுனில துணி கட்டி உறிஞ்சு, இல்லன்னா குட்டியும் வாளிக்குப் போயிரும். புதுத்தண்ணிய முந்தின ராத்திரியே தொட்டி பக்கத்துல வாளில பிடிச்சு வை, சூடு ஒண்ணாயிரும். குளோரின் நீக்குற மருந்த மறக்காத. உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி வந்தா சொல்லு. குளிர்ல அந்தக் கிருமி மெதுவா வளரும், அதனால புள்ளி மறைஞ்சிருச்சேன்னு மருந்த நிறுத்தக் கூடாது.

மீனா: ஆண் பெண் எப்ப பிரிக்கணும்?

சித்தப்பா: வெதுவெதுப்புல 4 வாரத்துலயே தெரியும். உனக்கு 6, 8 ஆகலாம். அடித்துடுப்பு விசிறியா இருந்தா பெண், கூர்ந்து குச்சியானா ஆண். நாளை எண்ணாத, துடுப்பப் பாரு. ஒரு ஆண் விட்டுப்போனாலும் போச்சு, ஒருதடவ சேர்ந்தா பெண் மாசக்கணக்கா குட்டி போடும்.

மீனா: ஒண்ணு மட்டும் தரையிலயே தத்துது. மேல எழும்புது, உடனே கல்லு மாதிரி இறங்கிருது.

செல்வி அத்தை: மிதக்க வைக்கிற காத்துப்பை, நீந்துபைம்பாங்க, அது நிரம்பல. வலைப்பெட்டில 8 செ.மீ. தண்ணில தனியா விடு, தீனி வாய்க்கு எட்டும். ஒரு வாரம் பாரு.

மீனா: சரி அத்தை. கார்த்தி, பரண்மேல இருக்குற தொட்டிய இறக்கிக் குடுடா.

கார்த்தி: 🏃