1812 போர்ல அமெரிக்கா ஜெயிச்சதா, இல்ல தப்பிச்சதா?

திண்ணைக்காரன்:
நேத்து ஒரு வீடியோல ஒருத்தர் 1812 போரைப் பத்தி அடிச்சு விட்டுட்டு இருந்தாரு, அமெரிக்கா ரெண்டாவது தடவையா பிரிட்டனை ஓட ஓட விரட்டுச்சாம். அப்ப பிரிட்டன் கையில இருந்த கனடாவைப் பிடிக்கப் போனாங்க, பிடிக்க முடியல. 1814 ஆகஸ்ட் 24ல சொந்தத் தலைநகரம் வாஷிங்டனே எரிஞ்சுது. அதிபர் மாளிகையில ராத்திரி சாப்பாட்டுக்கு மேசை போட்டு வச்சிருந்தாங்க, அந்த வீட்டம்மா டாலி மேடிசன், முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனோட படத்தைக் காப்பாத்த வச்சுட்டு ஓடிட்டாங்க, உள்ள வந்த பிரிட்டிஷ் ஆபீசருங்க உக்காந்து அந்தச் சாப்பாட்டை சாப்ட்டுட்டு அப்புறமா வீட்டுக்கு தீ வச்சானுங்க. இதுக்குப் பேரு வெற்றியா?

கப்பல்பித்தன்:
ஏன் சண்டை வந்துச்சுன்றதையே விட்டுட்டீங்களே பாஸ். நெப்போலியனோட மல்லுக்கட்டிட்டு இருந்த பிரிட்டனுக்கு கப்பல்ல வேலை செய்ய ஆள் பத்தல, நடுக்கடல்ல அமெரிக்க கப்பலை நிறுத்தி நீ எங்க ஊர்க்காரன்னு சொல்லி மாலுமிகளை இழுத்துட்டுப் போனாங்க. 1807ல வர்ஜீனியா கரைக்குப் பக்கத்துல செசபீக்குன்னு ஒரு போர்க்கப்பல் மேலயே பீரங்கி அடிச்சு நாலு பேரைக் கொண்டுபோய் ஒருத்தரைத் தூக்குல போட்டாங்க. சுதந்திரம் வாங்கி முப்பது வருஷம் கூட ஆகல, இதைப் பொறுத்துக்கிட்டா அப்புறம் என்ன நாடு?

திண்ணைக்காரன்:
நியாயம்தான், ஆனா போரை முடிச்ச கெண்ட் ஒப்பந்தத்தைப் படிச்சுப் பாருங்க, மாலுமியைப் பிடிக்கறதைப் பத்தி ஒரு வரி இல்ல. நெப்போலியன் விழுந்ததும் பிரிட்டனுக்கு ஆள் தேவைப்படல, அதனால நின்னுச்சு. இன்னொரு கூத்து, ஜூன் 18ல அமெரிக்க அதிபர் மேடிசன் போர்னு கையெழுத்து போடறாரு, கடல் வணிகத்தை நெருக்கின உத்தரவை லண்டன்ல ஜூன் 23ல வாபஸ் வாங்கறாங்க. அஞ்சே நாள்! தந்தி இல்லாத காலம், சேதி கப்பல்ல வந்து சேரணும்.

ரொறன்ரோ அண்ணை:
நான் இருக்கிற ரொறன்ரோவுக்கு அப்ப யோர்க் எண்டு பேர். 1813 ஏப்ரல்ல அமெரிக்கர் வந்து எங்கட பாராளுமன்றக் கட்டிடத்தை எரிச்சுப் போட்டினம், வாஷிங்டன் எரிஞ்ச கதையைச் சொல்லுறவை இதைச் சொல்லுறதில்லை. கனடாவைப் பிடிக்க சும்மா நடந்து போனாக் காணும் எண்ட மாதிரி முந்தின அமெரிக்க அதிபர் ஜெஃபர்சன் எழுதினவர். நடந்தது என்ன? 1812 அக்டோபர்ல குயின்ஸ்டன் மேட்டில சண்டை நடக்கேக்க நியூயோர்க் மிலிஷியாக்காரர் (ஊர்க்காவல் படை) கனபேர் நயாகரா ஆத்தைக் கடக்க மாட்டம் எண்டு இக்கரையில நிண்டு பாத்துக்கொண்டு நிண்டவை. அண்டைக்கு எங்கட பக்கம் ஜெனரல் புரொக் செத்தார், ஆனா வெண்டது நாங்கள்தான். இஞ்ச பிள்ளையளைக் கேட்டா கனடா வெண்டதெண்டுதான் சொல்லுங்கள்.

கப்பல்பித்தன்:
அண்ணே தரையில சொதப்பினாங்க, ஒத்துக்கறேன். கடல்ல? அமெரிக்காவோட கான்ஸ்டிட்யூஷன் கப்பல் மேல பட்ட குண்டு தெறிச்சு விழுந்து அதுக்கு இரும்புக் கப்பல்னே பட்டப்பேரு வந்துச்சு, அதுவும் ஓக் மரத்துல கட்டினது. பால்டிமோர் கோட்டையை விடிய விடிய அடிச்சும் விழல. (அன்னிக்கு பிரிட்டிஷ்காரன் விட்ட காங்கிரீவ் ராக்கெட்டுக்கு மூலம் திப்பு சுல்தானோட மைசூர் ராக்கெட்டுதான், அமெரிக்க தேசிய கீதத்துல வர்ற ராக்கெட் வெளிச்சம் அதுதான்.) அப்புறம் நியூ ஆர்லியன்ஸ், 1815 ஜனவரி 8, பிரிட்டன் பக்கம் ரெண்டாயிரம் பேர் கிட்ட அடிபட்டாங்க, செத்தாங்க, பிடிபட்டாங்க, அமெரிக்க ஜெனரல் ஜாக்சன் பக்கம் நூறு கூட இல்ல.

திண்ணைக்காரன்:
அது சமாதானம் ஆனப்புறம் நடந்த சண்டைங்க! கெண்ட் நகரத்துல டிசம்பர் 24லயே கையெழுத்து ஆச்சு.

கப்பல்பித்தன்:
எல்லாரும் சொல்ற தப்பு இது. கையெழுத்து ஆனாலும் ரெண்டு பக்கமும் ஒப்புதல் குடுத்தாத்தான் போர் நிக்கும்னு அதுலயே இருக்கு. அமெரிக்க செனட் ஓட்டு போட்டது பிப்ரவரி 16ல.

திண்ணைக்காரன்:
சரி அது எனக்குத் தெரியல, வாபஸ்.

மதுரக்காரி:
மூணு பேரும் மாறி மாறி கப் குடுத்துக்கிட்டு இருக்கீங்க, டெகும்சே பேரை ஒருத்தரும் எடுக்கல. ஷானி இனத்துத் தலைவர், பல பழங்குடிகளை ஒண்ணா சேர்த்து நிலத்தை விக்க விடாம நின்னவரு. பிரிட்டனை நம்பிக் கூட சேர்ந்தாரு, அமெரிக்காவோட டெட்ராய்ட் கோட்டை விழுந்ததுக்கு அவரு ஆளுங்களும் ஒரு காரணம். 1813 அக்டோபர்ல கனடாவுல இருக்கற தேம்ஸ் ஆத்துப் பக்கம் பிரிட்டிஷ் படை சிதறி ஓடுச்சு, இவரு நின்னு சண்டை போட்டு செத்தாரு. கெண்ட்ல பழங்குடிகளுக்குன்னு தனி நாடு கேட்ட பிரிட்டன் கொஞ்ச நாள்ல அதைக் கைவிட்டுடுச்சு. 1811ல இருந்த உரிமையைத் திருப்பித் தரணும்னு ஒப்பந்தத்தோட ஒன்பதாவது பிரிவுல எழுதினாங்க, எழுதினதோட சரி.

ரொறன்ரோ அண்ணை:
தங்கச்சி சொல்லுறது சரி. புரொக்குக்கு அந்த மேட்டில வானம் முட்டத் தூண் கட்டி வைச்சிருக்கினம், டெகும்சேயை எங்க புதைச்சதெண்டே ஒருத்தருக்கும் தெரியாது.

கப்பல்பித்தன்:
டெகும்சே விஷயத்துல என்கிட்ட பதில் இல்லக்கா. நியூ ஆர்லியன்ஸை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.

மதுரக்காரி:
வச்சுக்கோங்க தம்பி. அந்த ஜாக்சன்தான் பின்னால அதிபராகி 1830ல பழங்குடிகளை மிசிசிப்பிக்கு அந்தப் பக்கம் துரத்தற சட்டத்துல கையெழுத்து போட்டாரு.