350 மைல் கிராவல் ரேஸில் கட்டாய ஓய்வு: தேவையா, வேண்டாத தலையீடா?

செம்மண்சாலை:
அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்து எம்போரியாவில் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் என்ற கல் ரோட்டு சைக்கிள் ரேஸைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். அதில் 200 மைல் ரேஸ் சனிக்கிழமை காலையில் கிளம்பும். 350 மைல் எக்ஸ்எல் முந்தைய நாளே, வெள்ளிக்கிழமை மதியம் 3 மணிக்குக் கிளம்பி ராத்திரி முழுக்க ஓடும். வெளியாள் உதவி கூடாது. வழியில் கடை திறந்திருந்தால் தண்ணீரும் தீனியும் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். என் கேள்வி: இப்படிப்பட்ட ரேஸ்களில் மூன்று மணி நேரம் கட்டாய ஓய்வு என்று விதி வைத்தால் என்ன கெட்டுப்போகும்? சைக்கிளில் ஜிபிஎஸ் டிராக்கர் இருந்தால் யார் நின்றார், யார் நிற்கவில்லை என்று தெரிந்துவிடும்.

பழையசங்கிலி:
கெட்டுப்போவது ரேஸ்தான். எங்கே நிற்பது, எப்போது கண்ணை மூடுவது என்று முடிவெடுப்பதும் இந்தப் போட்டியில் ஒரு திறமை. அதை அமைப்பாளர் கையில் கொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது கால் வலு மட்டும். நம்ம ஊர் பிரெவேயைப் பாருங்கள், அதுவும் நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்தான். 600 கிலோமீட்டருக்கு 40 மணி நேரம் தருகிறார்கள். அதற்குள் தூங்குவதும் தூங்காததும் அவரவர் பாடு.

டாக்டர்மிதி:
அவரவர் பாடு என்பது சரி, ஆனால் முடிவெடுக்க வேண்டிய மூளைதான் முதலில் படுக்கிறது. 17 முதல் 19 மணி நேரம் விழித்திருந்தவரின் எதிர்வினை, ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு மந்தமாகிறது என்று 2000-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இந்தியாவில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் வரம்பு 0.03. காலை 6 மணிக்கு எழுந்து 3 மணிக்குக் கிளம்பினவர் இரவு 11 மணிக்கே 17 மணி நேரத்தைத் தொட்டுவிடுவார். அதற்கு அப்புறம்தான் உண்மையான இரவே இருக்கிறது.

பழையசங்கிலி:
டாக்டர், வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு யார் எழுந்திருக்கச் சொன்னது? மதியம் வரை தூங்கிவிட்டு வரட்டும்.

டல்லஸ்காரி:
அந்தப் பக்கத்துக் கல் ரோடுகளில் இரவில் ஓட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் எல்லாரும் தூக்கத்தையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குப் பெரிய பிரச்சினை வெளிச்சம்தான். ரேஸ் ஓடும் ஃப்ளின்ட் ஹில்ஸ் குன்றுப் பகுதியின் கல் சில்லு சில்லாக உடையும், முனை பிளேடு மாதிரி இருக்கும். டயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டால் ஓட்டையை அடைக்க உள்ளே ஊற்றிய சீலன்ட் திரவமும் அடைக்காது, வெளியிலிருந்து செருகும் பிளக்கும் நிற்காது. ஹெல்மெட் விளக்கு மட்டும் வைத்திருந்தால் ஒளி கண் இருக்கும் இடத்திலிருந்தே போகிறது. நிழலே விழாது, ரோடு தட்டையாகத் தெரியும். ஹேண்டில்பாருக்குக் கீழே தாழ்வாக ஒரு விளக்கு கட்டினால் ஒவ்வொரு கல்லுக்கும் நீளமாக நிழல் விழும், பள்ளமும் தெரியும். எனக்கு இரண்டும் வேண்டும், தலையில் இருப்பது திருப்பத்தில் பார்ப்பதற்கு. சக்கரம் சுழல்வதிலேயே விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப்பை நம்பிப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: செங்குத்து ஏற்றத்தில் நடை வேகத்துக்கு இறங்கினால் விளக்கு மங்கித் துடிக்கும். அங்கே வேலி இல்லாத மேய்ச்சல் நிலத்தின் ஊடே ரோடு போகும். நடு ரோட்டில் படுத்திருக்கும் கறுப்பு மாடு பத்தடிக்குள் வந்தால்தான் தெரியும். மூன்று மணி நேரம் தூங்கி எழுந்தவனுக்கும் அந்த மாடு அங்கேதான் படுத்திருக்கும்.

செம்மண்சாலை:
அக்கா, விளக்கு காசு கொடுத்தால் கிடைக்கும். தூக்கம் கிடைக்காது. நான் முன்னால் போகிறவர்களுக்காகப் பேசவில்லை. அவர்கள் மறுநாள் முற்பகலிலேயே முடித்துவிடுவார்கள். மணிக்கு 10 மைல் சராசரியில் வருகிறவரை நினைத்துப் பாருங்கள். 35 மணி நேரம், அதாவது ஞாயிறு அதிகாலை 2 மணி. இரண்டாவது இருட்டையும் அவர்தான் பார்க்கிறார். பக்கத்தில் ஆள் இல்லை, பல இடங்களில் போன் சிக்னலும் இருக்காது. பள்ளத்தில் விழுந்தால் யார் தூக்குவது?

பழையசங்கிலி:
நெடுஞ்சாலையில் அதிகாலை 3 மணிக்கு லாரிக்குப் பக்கத்தில் கண் சொருகுவதைவிட ஆளில்லாத கல் ரோடு எவ்வளவோ மேல். அப்புறம், வேர்வையில் நனைந்த ஜெர்சியோடு அந்தச் சமவெளிக் காற்றில் மூன்று மணி நேரம் எங்கே படுப்பதாம்? அரை மணியில் பல் கிட்டும். படுக்கை, போர்வை எல்லாம் கட்டிக்கொண்டு வர வேண்டியதுதான்.

டாக்டர்மிதி:
குளிர் விஷயத்தில் உங்கள் பேச்சில் நியாயம் உண்டு. ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுந்ததும் அரை மணி நேரமாவது தலை மந்தமாக இருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அரை மணியில் இறக்கம் வந்தால் ஆபத்து. அதனால் மூன்று மணி நேரம் என்பதை நானும் ஏற்கவில்லை. 20 நிமிடக் குட்டித் தூக்கம் போதும், ஆனால் அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

செம்மண்சாலை:
அப்படியானால் கிளம்பும் நேரத்தையாவது காலை 6 மணிக்கு மாற்றலாமே?

டல்லஸ்காரி:
அது இன்னும் மோசம் தம்பி. ரேஸ் நடக்கும் சமயத்தில் அங்கே இருட்ட ஏறக்குறைய இரவு 9 மணி ஆகிவிடும். 3 மணிக்குக் கிளம்பினால் ஆறு மணி நேரம் ஓட்டியிருக்கும்போது இருட்டு வருகிறது, கால் இன்னும் நம் பேச்சைக் கேட்கும். காலை 6 மணிக்குக் கிளம்பினால் வெயிலில் 15 மணி நேரம் வெந்த பிறகு இருட்டுகிறது. விடியுமுன் எழுந்து காபி குடித்துக் கிளம்பியவர் முதல் இருட்டிலேயே டாக்டர் சொன்ன 17 மணி நேரத்தைத் தாண்டிவிடுவார். நேரத்தை மாற்றாதீர்கள். வேண்டுமானால் 24 மணி நேரத்துக்கு அப்புறமும் ரோட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் அடுத்த ஊரில் 20 நிமிடம் நிற்கச் சொல்லுங்கள். அதற்கு நான் எதிர்ப்பு சொல்ல மாட்டேன்.

பழையசங்கிலி:
நான் சொல்வேன். கடைசியாக வருகிறவருக்கு மட்டும் தண்டனையா? அவருக்குத்தான் நேரமே பற்றாது.