'வென் பிக்ஸ் ஃப்ளை' பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? இறக்கை கட்டவும் உதவி வேண்டும்

நண்பர்களே, 1996இல் நியூயார்க்கின் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அரங்கில் தொடங்கிய 'வென் பிக்ஸ் ஃப்ளை' (பன்றிகள் பறக்கும்போது) என்ற இசை நிகழ்ச்சியை நேரில் பார்த்தவர்கள் யாராவது உண்டா? தன்பாலீர்ப்பு ஆண்களின் வாழ்க்கையைப் பாட்டும் சிரிப்புமாகக் கொண்டாடிய மேடை அது. அந்த விசித்திர உடைகளை உருவாக்கிய ஹோவர்ட் கிராப்ட்ரீ, அரங்கேற்றத்தைப் பார்க்காமலேயே எய்ட்ஸ் நோயால் இறந்துபோனார். நினைத்தாலே மனசு கனக்கிறது.

ஜூன் கடைசி ஞாயிறு, தன்பாலீர்ப்பாளர்கள் பெருமையோடு நடத்தும் நியூயார்க் பிரைட் ஊர்வலத்துக்கு அவர் நினைவாக ஓர் உடை தைக்கிறேன். மூங்கில் சட்டம், ரோஸ் நிற சாட்டின், இரண்டு பெரிய இறக்கைகள். தோளில் மாட்டினால் பட்டை கழுத்தை அறுக்கிறது. நாலடி நடந்ததும் வலது இறக்கை சரிகிறது. எடையை இடுப்புக்கு இறக்க என்ன வழி? அப்புறம், அந்நாள் நிகழ்ச்சிக் கையேடோ, உடைகளின் பின்பக்கம் தெரியும் படமோ இருந்தால் தயவுசெய்து அனுப்புங்கள்.